பழைய வெள்ளி ரூபாய் வைத்திருப்பவர்கள் பாலிஷுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ சேர்த்து வைத்த நாணயங்கள் இருந்தால், விற்பதற்கு முன்னால், முக்கியமாகக் கழுவுவதற்கு முன்னால், இதைப் படித்துவிடுங்கள்.

என் அப்பா கும்பகோணத்தில் ஒரு அடகுக்கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். மூழ்கிப்போன அடகில் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் வரும். முதலாளி உருக்க அனுப்புவதற்குள், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒன்றிரண்டை எடுத்து வந்துவிடுவார். காசுமாலையிலிருந்து கழற்றியதைத் தொட மாட்டார், விளிம்பில் கொக்கி பற்றவைத்த தழும்பு இருக்குமாம். போன வருடம் அவர் தவறிய பிறகு பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. 61 ரூபாய்கள், ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதப் பொட்டலமாக, மேலே பென்சிலில் வருடம் எழுதி. கூடவே ஒரு நோட்டு. அந்த நோட்டை நான் ஒழுங்காகப் புரட்டிப் பார்க்காமல் காசுகளை விற்கக் கடைக்குப் போனேன், இன்றைக்கும் மனது ஆறாத விஷயம் அது.

வியாபாரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கையில் ரசீது கிடையாது. ஒரு மணி நேரம் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம், "எல்லாம் தேஞ்ச காசு சார், கறுத்தும் போச்சு, சேகரிக்கறவங்க தொட மாட்டாங்க, வெள்ளி விலைக்கு வேணா எடுத்துக்கறேன்" என்றார். 37 காசுகளைத் தனியாக ஒதுக்கித் தராசில் போட்டு, கலப்பு இருக்கிறது என்று 20 சதவீதம் கழித்தார். 1940-க்கு முந்தைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. எடைக்கே விற்றாலும் எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் கழியும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

சரி, பணம் போனதோடு முடிந்திருந்தால்கூட பொறுத்துக்கொண்டிருப்பேன். மிச்சம் 24 காசுகளை "சும்மாவே பாலிஷ் போட்டுத் தர்றேன், அப்புறம் நல்ல விலைக்குப் போகும்" என்று வாங்கி, ஒரு தட்டில் ஏதோ திரவத்தை ஊற்றி முக்கி எடுத்து, பொடி போட்டுத் துணியால் தேய்த்துக் கொடுத்தார். புது வெள்ளி டம்ளர் மாதிரி பளபளவென்று இருந்தது. சந்தோஷமாக அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்கப்பா இதைத் துணியால தொடைக்கக்கூட விடமாட்டாரேடா" என்றார்.

மூன்று மாதம் கழித்து சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சிக்கு இரண்டு காசுகளை எடுத்துப் போனேன். அங்கே வயதான சேகரிப்பாளர் ஒருவர் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு விளக்கடியில் மெதுவாகச் சாய்த்துக் காட்டினார். ராஜாவின் முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். பக்கத்தில் தன்னுடைய பாலிஷ் போடாத காசு ஒன்றை வைத்தார். ஓரம் லேசாகக் கறுத்து, நடுவில் சாம்பல் நிறம்தான், ஆனால் சாய்க்கும்போது ஒளி சக்கரம் மாதிரி சுற்றி வந்தது. "அச்சடிக்கும்போது வெள்ளி பரவின தடத்துலேர்ந்து வர்ற ஒளி தம்பி இது, போச்சுன்னா திரும்ப வராது" என்றார்.

கிரேடிங் என்றால் என்னவென்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். காசின் நிலைக்கு எண் போடுவது, 1 முதல் 70 வரை அளவுகோல், 60-உம் அதற்கு மேலும் என்றால் கைமாறிப் புழங்காத காசு. புழங்கும்போது மேடான இடங்கள்தான் முதலில் தேயும், அதனால் கிரீடத்தையும் அங்கியையும் பார்ப்பார்கள். தேய்த்துக் கழுவிய காசு என்றால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற கிரேடிங் நிறுவனங்கள் எண்ணே தருவதில்லை, 'கழுவியது' என்று எழுதிவிடுவார்கள். கறுப்பு என்பது அழுக்கு இல்லை, வெள்ளி காற்றில் பட்டு இயற்கையாக ஏறும் நிறம்.

வீட்டுக்கு வந்துதான் நோட்டை முழுதாகப் படித்தேன். ஒரு வரியில் '1911, யானை, தேயவில்லை' என்று இருந்தது. அந்த வருட ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, அச்சடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912-இல் யானையைத் திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் காசு. என்னிடம் இருக்கும் 24-இல் அது இல்லை. வியாபாரியிடம் திரும்பப் போய்க் கேட்டபோது "எல்லாம் அன்னிக்கே உருக்கியாச்சு சார்" என்றார். நான் நம்பவில்லை. எடைக்கு வாங்குகிறவர் எதற்கு ஒரு மணி நேரம் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்?

தயவுசெய்து, கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், எடை பார்த்து எழுதுங்கள். வாங்கப் போகிறவரிடமே தரத்தைக் கேட்காதீர்கள், வாங்காத ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். புளி, விபூதி, பற்பசை எதையும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள், அப்படி வாங்குவதில்லை என்று 2021-லேயே அந்த வங்கி அறிவித்துவிட்டது.

1911 ரூபாயின் காகிதப் பொட்டலம் மட்டும் டப்பாவில் இருக்கிறது. வியாபாரி காசை எடுத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.