எம்ஜிபி-க்கு வெபர்: கேபிள் சோக்கா, எலக்ட்ரிக் சோக்கா?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வெபர் கம்பெனியின் 32/36 கார்புரேட்டரை மாட்ட நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது: டிஜிவி (DGV) மாடலா, டிஜிஇவி (DGEV) மாடலா? இரண்டிலும் காற்று போகும் 32 மி.மீ. தொண்டை முதலில் திறக்கும், 36 பின்னால் வரும். நடுவில் நுழைந்திருக்கும் அந்த ‘இ’தான் எலக்ட்ரிக் சோக். டிஜிவி-யில் சோக்கைக் கேபிள் வழியாகக் கையால் இழுக்க வேண்டும். (சோக் என்பது, என்ஜின் ஆறியிருக்கும்போது காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் தகடு.)

டிஜிஇவி-யின் பக்கவாட்டில் டப்பி மூடி போலக் கறுப்பாக ஒன்று இருக்கும். உள்ளே ஒரு இரட்டை உலோகச் சுருள். ஆறியிருக்கும்போது அது சோக் தகட்டை மூடிப் பிடிக்கும். 12 வோல்ட் பாய்ந்து சூடேற ஏறப் பிடி தளர்ந்து, சில நிமிடங்களில் தகடு திறந்துவிடும். ஸ்டார்ட் செய்யுமுன் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து விட்டால் நம் வேலை முடிந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்சாரம் வந்தால் சுருள் சூடாகும். என்ஜின் ஓடுகிறதா என்று அது கேட்பதில்லை. சாவியைப் போட்டுவிட்டு யாரோடாவது பேசிக்கொண்டு நின்றால், என்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே சோக் திறந்துவிடும். வயரிங்கிலும் கவனம் வேண்டும். எம்ஜிபியில் இருக்கும் லூகாஸ் கம்பெனி வயரிங்கில் பச்சை வயர்தான் சரி: சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும், ஃபியூஸும் உண்டு. கைக்கு எட்டுகிறதே என்று பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலிலிருந்து எடுத்தால், காயிலுக்கு வோல்டேஜைக் குறைத்து அனுப்பும் வண்டிகளில் சோக் ஒழுங்காகத் திறக்காது.

டிஜிவி-க்கு இந்த வம்பெல்லாம் இல்லை. காலையில் சோக் குமிழை முழுக்க இழுங்கள், என்ஜின் பிடித்ததும் பாதி விடுங்கள், சத்தம் சீரானதும் முழுக்கத் தள்ளுங்கள். அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். (அதன் பழைய 1489 சிசி என்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி என்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம்.) ஆபத்து மறதியில்தான். சோக்கை இழுத்தபடியே ஓட்டினால் பிளக் கரி பிடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும்.

1975-க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபி என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் வந்தது தானியங்கி சோக். டிஜிவி மாட்டினால் கேபிளைப் புதிதாக இழுத்தாக வேண்டும். அதற்குச் சோம்பல்படுகிறவர்களும், வீட்டில் நாலு பேர் வண்டியை எடுப்பவர்களும் டிஜிஇவி வாங்கலாம். நான் மட்டும் ஓட்டும் வண்டி என்றால் என் ஓட்டு டிஜிவி-க்கே. கேபிள் மாட்டியதும் ஏர் கிளீனரைக் கழற்றி, குமிழை உள்ளே தள்ளிப் பாருங்கள்: தகடு செங்குத்தாக நிற்கவில்லை என்றால் கேபிள் பிடிக்கும் திருகைத் தளர்த்தி மறுபடி மாட்டுங்கள்.