திருச்சி விமான நிலையம் – நாகை துறைமுகம்: வீல்சேரோடு எதில் போவது?

இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலைப் பிடிக்க திருச்சியில் வந்து இறங்கினால், நாகப்பட்டினம் சுமார் 145 கிலோமீட்டர். தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர் வழியாக மூன்றிலிருந்து மூன்றரை மணி நேரம். வண்டி தேடும்போது எல்லோரும் முதலில் வாடகையைத்தான் கேட்கிறார்கள். வீல்சேரில் இருப்பவருக்கு அதைவிட முக்கியமானது, வழியில் அவரை எத்தனை முறை தூக்கி மாற்ற வேண்டும் என்பது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தோள் பிசகலாம், தோல் உரசிப் புண்ணாகலாம். காலில் உணர்ச்சி இல்லாதவர் என்றால் கதவிடுக்கில் கால் மாட்டினாலும் அவருக்குத் தெரியாது.

சாய்தளம் பொருத்திய வேன் என்றால் தூக்கவே வேண்டாம், நாற்காலியோடு உள்ளே போய்விடலாம். மாருதி ஈகோவை இப்படி மாற்றியமைத்து ஓட்டுகிறார்கள். ஆனால் டெல்டாவில் இது வாடகைக்குக் கிடைப்பது அரிது. சென்னை போன்ற பெருநகரத்திலிருந்து வரவழைத்தால் காலியாக வந்துபோகும் தூரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், டிரைவர் பேட்டா தனி. பேசும்போதே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பின்கதவுத் திறப்பின் உயரம் எவ்வளவு? நாற்காலியில் உட்கார்ந்தபடி தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். நாற்காலியைத் தரையோடு கட்ட நான்கு பட்டைகள் இருக்கின்றனவா? ஆளுக்குத் தனி பெல்ட் உண்டா? நாற்காலியின் சொந்த இடுப்புப் பட்டை விபத்தில் தாங்காது. பக்கவாட்டில் பார்த்து உட்கார வைப்பதாகச் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள்.

“டெம்போ டிராவலர்ல ரெண்டு சீட்டைக் கழட்டித் தர்றேன்” என்பார்கள். இதுதான் ஆபத்தான யோசனை. வண்டியின் தளம் 70 செ.மீ. உயரம் என்று வையுங்கள், மடக்கும் சாய்தளம் ஆறடி. ஏற்றம் 23 டிகிரிக்கு வந்துவிடும். 70 கிலோ ஆளையும் 15 கிலோ நாற்காலியையும் அதில் ஒருவர் தள்ளி ஏற்றவே முடியாது, இறக்கும்போது பிடி நழுவும்.

ஆகவே பெரும்பாலானோருக்குச் சாதாரண கார்தான். ஏற ஒரு தூக்கல், இறங்க ஒரு தூக்கல். இதில் பெரிய வண்டி நல்லது என்று நினைப்பது தவறு. வீல்சேர் இருக்கை சுமார் 50 செ.மீ. உயரம். டிசையர் மாதிரியான கார்களில் சீட் கிட்டத்தட்ட அதே மட்டத்தில் இருப்பதால், மாற்றுப்பலகை (நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே பாலம்போல் வைக்கும் வழவழப்பான பலகை) போட்டால் கையில் பலம் உள்ளவர் தானே நகர்ந்துவிடலாம். இன்னோவாவில் சீட் உயரம், மேல்நோக்கித் தூக்க வேண்டியிருக்கும். இன்னோவாவே வந்து நின்றால் விமான நிலைய நடைபாதை விளிம்பைப் பயன்படுத்துங்கள். நாற்காலி மேடையில், கார் சாலையில். விளிம்பு 15 செ.மீ. என்றால் வித்தியாசத்தில் அவ்வளவும் குறைந்துவிடும். முன்சீட்டை முழுக்கப் பின்னே தள்ளி, நாற்காலியைச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, கால்தாங்கியைக் கழற்றிய பிறகே நகர வேண்டும். நாகையில் இறக்கும் இடத்தில் அப்படி மேடை இல்லாமல் போகலாம் என்பதால் அங்கே இரண்டு பேர் வேண்டும்.

டிசையரின் சிக்கல் டிக்கி. டாக்சிகள் பலவற்றில் சிஎன்ஜி சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், மடித்த நாற்காலி உள்ளே போகாது. புக் செய்யும்போதே “சிலிண்டர் இருக்கா, மேலே கேரியர் இருக்கா” என்று கேட்டுவிடுங்கள். கழற்றும் குஷனையும் கால்தாங்கியையும் கேரியரில் கட்டாமல் காருக்குள் வையுங்கள். டிசையருக்கும் இன்னோவாவுக்கும் நடுவே எர்டிகா நல்ல சமரசம்: கடைசி வரிசையை மடித்தால் நாற்காலி தாராளமாகப் படுக்கும்.

ரயில் செலவு குறைவு. எர்ணாகுளம்–காரைக்கால் எக்ஸ்பிரஸ் திருச்சி, தஞ்சை, திருவாரூர், நாகை வழியாகத்தான் போகிறது. ரயில்வே அடையாள அட்டை உள்ள நடக்க இயலாதவருக்கும் துணைக்கு வருபவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதச் சலுகை உண்டு. ஆனால் தூக்கலை எண்ணுங்கள்: விமான நிலையத்திலிருந்து ஜங்ஷனுக்கு டாக்சியில் இரண்டு, ரயிலில் இரண்டு, நாகை ஸ்டேஷனிலிருந்து துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு. உயர நடைமேடையிலும் பெட்டியின் தளம் 40, 50 செ.மீ. மேலே நிற்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி ரயிலின் கடைசியில் இருந்தால் சில நிமிட நிறுத்தத்தில் அங்கே போய்ச் சேர்வதே பாடு. சாய்தளம் வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விசாரணைக்கு 139. அரசுப் பேருந்தின் படிகள் வீல்சேருக்கு ஆகாது. தனியார் ஆம்புலன்ஸ், உட்காரவே முடியாதவருக்கு மட்டும்.

கப்பல் காலையில் கிளம்பும், சோதனைகளுக்கு அதற்கும் முன்பே போய் நிற்க வேண்டும். அதனால் எதில் வந்தாலும் முந்தைய மாலையே நாகையிலோ 12 கிலோமீட்டர் தள்ளி வேளாங்கண்ணியிலோ தங்கிவிடுவதே சரி. அறை கேட்கும்போது குளியலறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். நாற்காலி 65 செ.மீ. என்றால் 60 செ.மீ. கதவு உதவாது. வழியில் பெட்ரோல் பங்க் கழிப்பறைகளிலும் படியும் குறுகிய கதவும்தான் தொல்லை, எனவே விமான நிலையத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். சம்பா அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் காயும், நினைத்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தவும் முடியாது.

மின்சார வீல்சேர் என்றால் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி விமானத்தில் 300 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும், அதைக் கையோடு கேபினில் கொண்டுபோக வேண்டும். விமான நிறுவனத்திடம் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லுங்கள். வந்திறங்கியதும் பிரேக்கையும் சக்கரத்தையும் சோதித்து, சேதம் இருந்தால் டெர்மினலை விட்டு வெளியேறும் முன் எழுத்தில் புகார் கொடுங்கள். கப்பல் நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டியவை: ஏறும் பலகையின் அகலம், நாற்காலியின் எடை லக்கேஜ் கணக்கில் சேருமா, ஏற்றிவிட ஆள் உண்டா. வடகிழக்குப் பருவமழையில் சேவை நின்றுவிடுவது வழக்கம். அந்த மாதங்களில் கப்பல் ஓடுவது உறுதியான பிறகே வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.