சுருள்முடி பெரிய நாய் வேண்டுமென்றால்: மூன்று டூடில்களும் ஒரு பூடிலும்

போன மாதம் மச்சினி ஃபோன் செய்தாள். "அத்தான், நாய் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். உங்க முத்து மாதிரியே பெருசா, பஞ்சு மாதிரி இருக்கணும். முடி கொட்டக் கூடாது, பையனுக்கு மூக்கு ஒழுகக் கூடாது. லாப்ரடூடிலா, கோல்டன்டூடிலா, பெர்னிடூடிலா, நீங்களே சொல்லுங்க." ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அன்று ராத்திரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அவள் சொன்ன மூன்றும் டூடில்கள், அதாவது சுருள்முடி பூடிலோடு முறையே லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பெர்னீஸ் மலைநாய் சேர்ந்த கலப்பு நாய்கள். அவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறேன்: கலப்பில்லாத ஸ்டாண்டர்ட் பூடில், பூடில்களிலேயே பெரிய வகை.

முத்து எங்கள் லாப்ரடூடில். ஒன்பது வயது, 30 கிலோ. நாங்கள் இருப்பது மெல்பர்னில். லாப்ரடூடில் கதை தொடங்கியதும் இதே ஊரில்தான். ஹவாயில் பார்வையற்ற பெண்மணி ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் என்றால் ஒவ்வாமை. விக்டோரியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் இனப்பெருக்கப் பிரிவைக் கவனித்துவந்த வாலி கான்ரன் முதலில் ஸ்டாண்டர்ட் பூடிலைத்தான் நம்பினார். முப்பதுக்கும் மேற்பட்ட பூடில்களைப் பழக்கிப் பார்த்தும் அந்த வேலைக்கு ஒன்றும் தேறவில்லை. கடைசியில் ஒரு லாப்ரடாரையும் ஒரு ஸ்டாண்டர்ட் பூடிலையும் சேர்த்தார். 1989-ல் மூன்று குட்டிகள் கிடைத்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சுல்தான்.

ஒரே ஈற்றில் பிறந்த மூன்றில் ஒன்று. டூடில் வாங்கப் போகிற ஒவ்வொருவரும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். "அலர்ஜி வராத நாய்" என்று போடுகிற விளம்பரம் எல்லாம் சுல்தானைப் பற்றியே பேசுகிறது. கூடப் பிறந்த மற்ற இரண்டைப் பற்றிப் பேசுவதில்லை.

அலர்ஜி விஷயத்தில் நான்கும் ஒன்றுதான்

நாயால் வரும் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் கேன் எஃப் 1 என்ற புரதம். அது எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. முடி அதைச் சுமந்துகொண்டு வருகிறது, அவ்வளவுதான். முடி கொட்டாவிட்டாலும் நாய் நக்கும், சொறிந்துகொள்ளும், செதில் உதிரும். 2012-ல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. அலர்ஜி தராதவை என்று பெயர் வாங்கிய பூடில், லாப்ரடூடில் போன்றவற்றின் முடியில் இந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. லாப்ரடூடில் இருந்த வீடுகளின் தரைத் தூசியில் மட்டும் கொஞ்சம் குறைவு. காற்றில் எந்த வித்தியாசமும் இல்லை.

ஆகவே இந்த ஒரு காரணத்துக்காக நான்கில் எதையும் உயர்த்திப் பேச மாட்டேன். மச்சினி பையன் முத்துவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான், ஒன்றும் ஆவதில்லை. அது முத்துவைப் பற்றிய சேதி மட்டும்தான். வாங்கப்போகிற அந்தக் குட்டியோடும் அதன் தாயோடும் ஒரு மணி நேரமாவது பையன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் போதாது, இரண்டு மூன்று தடவை போக வேண்டும். ஆஸ்துமா இருக்கிற பிள்ளை என்றால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

முடி: இங்கேதான் உண்மையான வித்தியாசம்

நாயின் முடி எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் மூன்று மரபணு மாற்றங்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். மீசை தாடிக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று, சுருளுக்கு ஒன்று. பூடிலுக்கு மூன்றும் உண்டு. கோல்டன் ரெட்ரீவருக்கும் பெர்னீஸ் மலைநாய்க்கும் நீளம் மட்டும் உண்டு. லாப்ரடாருக்கு மூன்றும் கிடையாது. நீளமுடி வர வேண்டுமென்றால் தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்தாக வேண்டும்.

எஃப்1 என்கிற முதல் தலைமுறை லாப்ரடூடில் பலவற்றுக்கு முடி குட்டையாக, கொஞ்சம் முரடாக, தேங்காய் நார் போல இருப்பதற்குக் காரணம் இதுதான். கோல்டன்டூடிலும் பெர்னிடூடிலும் முதல் தலைமுறையிலேயே நீளமுடியோடு வருகின்றன. எஃப்1 குட்டியை மறுபடி பூடிலோடு சேர்த்தால் கிடைப்பது எஃப்1பி. அது பெரும்பாலும் சுருளாக இருக்கும், கொட்டுவதும் குறையும். ஆனால் ஒரே ஈற்றில் ஒன்று சுருளாகவும் ஒன்று அலையலையாகவும் பிறக்கும். ஆறு வார வயதில் எல்லாம் பஞ்சுப் பொதிதான். எது எப்படி வளரும் என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

முடி கொட்டாது என்றால் வேலை குறைச்சல் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. லாப்ரடாரின் செத்த முடி சோபாவில் விழும், பெருக்கி எடுத்துவிடலாம். சுருள்முடி நாயில் அது சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பூடிலின் முடி எங்கும் ஒரே சீராக இருப்பதால் கத்தரிக்கவும் வாரவும் ஒரு முறை உண்டு. டூடிலிலோ ரெட்ரீவர் அல்லது பெர்னீஸ் பக்கத்திலிருந்து வந்த மெத்தென்ற அடிமுடி பூடில் சுருளுக்குள் மாட்டிக் கம்பளியாகிவிடுகிறது. பராமரிப்பில் பூடிலைவிட டூடில் கடினம் என்று முத்துவுக்கு முடி வெட்டுகிற பெண் முதல் நாளே சொன்னார். அப்போது எனக்குப் புரியவில்லை.

பத்து மாத வயதில் புரிந்தது. குட்டி முடி போய்ப் பெரிய முடி வருகிற பருவம் அது, ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலில் குளிக்க விட்டோம். துண்டால் துடைத்துவிட்டு, காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் மேலோட்டமாக பிரஷ் போட்டேன். மேலே பளபளவென்று இருந்தது. அடியில் தோலோடு ஒட்டிச் சடை பிடித்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. கடைசியில் மழிக்க வேண்டியதாயிற்று. முதுகிலிருந்து வயிறு வரை ஒரே துண்டாக, கம்பளி விரிப்பைச் சுருட்டி எடுப்பது போல வந்தது. அடியில் தோல் சிவந்து, அக்குளில் இரண்டு இடத்தில் புண். அது நடந்து நடந்து இழுபட்டு வலித்திருக்கும். குட்டி எத்தனை நாள் அதைத் தாங்கியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

அதன் பிறகு என் மனைவிதான் வழி காட்டினாள். பெண்பிள்ளைக்குத் தலை வாருகிற மாதிரியேதான். முடியை விலக்கி வகிடு எடுத்து, தோல் தெரிய வேண்டும். அங்கிருந்து முதலில் கம்பி பிரஷ், அப்புறம் இரும்புச் சீப்பு. சீப்பு வேரிலிருந்து நுனி வரை எங்கும் நிற்காமல் ஓடினால்தான் அந்த வகிடு முடிந்தது. அடுத்த வகிடு ஒரு விரல்கடை தள்ளி. காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை உரசுகிற இடம், வால் அடி, இந்த நான்கையும் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். மிளகளவு சிக்கை விரலாலேயே பிரித்துவிடலாம். நெல்லிக்காய் அளவாகிவிட்டால் கத்தரிதான். நனைந்தால் ஈரத்தோடு விடவே கூடாது. வாரிவிட்டு, டிரையர் போட்டு உலர்த்தி, மறுபடி வார வேண்டும்.

முத்துவுக்கு முழு உடம்பும் வார முக்கால் மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். எட்டு வாரத்துக்கு ஒரு முறை முடிவெட்டு, 150 டாலர். வருடத்துக்கு ஆயிரத்தைத் தொடுகிறது. பூடிலுக்கும் செலவு ஏறக்குறைய இதேதான். ஆனால் அதன் முடியைக் குட்டையாக வெட்டி வைத்துக்கொண்டால் வீட்டு வேலை பாதியாகிவிடும். பெர்னிடூடில் வைத்திருக்கிற எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எங்களைவிட அதிக நேரம் செலவிடுகிறார். அதன் அடிமுடி அவ்வளவு அடர்த்தி.

அக்டோபரில் புல் பழுக்க ஆரம்பித்தால் இன்னொரு தொல்லை. கூரான புல்விதை விரல் இடுக்கில் புகுந்து தோலுக்குள் ஏறிவிடும். புசுபுசுவென்ற பாதத்தில் அது கண்ணுக்கே தெரியாது. நடந்து வந்ததும் நான்கு பாதத்தையும் விரித்துப் பார்ப்பது கோடை முடியும்வரை எங்கள் வேலை.

குணம், வெயில், சமையலறை

லாப்ரடூடிலுக்குப் பசி தீராது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காத ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முத்து பின்னங்காலில் நின்றால் சமையல் மேடை முழுவதும் எட்டும். நம் வீட்டில் மேடையில் இருப்பது என்ன? சாம்பாருக்கு அரிந்த வெங்காயம், பூண்டு, பாயசத்துக்கு எடுத்து வைத்த திராட்சை. நாய்க்கு மூன்றுமே விஷம். உயரமான நாய் எதை வாங்கினாலும் சமையலறை வாசலில் ஒரு தடுப்புக் கதவு போட்டுவிடுங்கள்.

கோல்டன்டூடில் எல்லோரையும் நேசிக்கும். சிக்கலும் அதுதான். ஒன்றரை வயது வரை வருகிறவர் எல்லோர் மேலும் தாவும். ஊரிலிருந்து வயதான அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குகிற வீடுகளில் 30 கிலோ நாய் தாவினால் இடுப்பெலும்புக்கு ஆபத்து. குட்டியாக இருக்கும்போதே நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தடவிக் கொடுப்பது என்று வீட்டில் எல்லோரும் ஒரே கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பெர்னிடூடில் மூன்றில் நிதானமானது, அழகானதும்கூட. கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு மூன்றும் சேர்ந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் விட்டுவர மனசு வராது. ஆனால் தயங்குகிறேன். பெர்னீஸ் சுவிட்சர்லாந்தின் குளிருக்கு வளர்ந்த இனம். 40 டிகிரியைத் தாண்டுகிற மெல்பர்ன் கோடையில் பக்கத்து வீட்டு நாய் பகல் முழுக்கக் குளியலறைத் தரையை விட்டு எழுந்திருப்பதில்லை. அதைவிடப் பெரிய கவலை ஆயுள். பெர்னீஸ் சராசரியாக ஏழெட்டு வருடமே வாழ்கிறது, புற்றுநோய் அதிகம். பூடில் கலப்பதால் நிலைமை மேம்படலாம் என்ற நம்பிக்கையில் நான் ஒரு பிள்ளையின் கையில் அந்தக் குட்டியைக் கொடுக்க மாட்டேன்.

ஸ்டாண்டர்ட் பூடிலைப் பற்றி நம்மிடம் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது, பொம்மை போல அலங்காரம் செய்துகொண்டு திரிகிற நாய் என்று. உண்மையில் அது தண்ணீரில் இறங்கி வேட்டைப் பறவையை எடுத்துவர வளர்த்த நாய். ஓடும், நீந்தும், சொன்னதை இரண்டாம் தடவையிலேயே பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி. வீட்டில் குரல் உயர்ந்தால் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். சும்மா விட்டால் அலுத்துப்போய்க் குரைக்கும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடையும், மூளைக்கு ஏதாவது வேலையும் கொடுக்க முடிகிற வீட்டுக்கே அது சரி.

நோய் நொடி

கலப்பினம் என்றால் ஆரோக்கியம் என்பதும் பாதிதான் உண்மை. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி 2024-ல் லாப்ரடூடில், காக்கபூ, கேவபூ (பின்னிரண்டும் ஸ்பானியல் நாய்களோடு பூடில் சேர்ந்தவை) மூன்றையும் அவற்றின் பெற்றோர் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டது. 86.6 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை. வாலி கான்ரன் 2019-ல் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசிக்குக் கொடுத்த பேட்டியில் இந்தக் கலப்பை உருவாக்கியதே தன் வாழ்க்கையின் பெரிய வருத்தம் என்றார். காசுக்காகக் கண்டபடி குட்டி போட வைக்கிறவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபம் நியாயமானது. நாய்கள்மேல் குற்றமில்லை.

காது மட்டும் லாப்ரடூடிலுக்குப் பெரிய பிரச்சினை. 2021-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மற்ற கலப்பின நாய்களைவிட அதற்குக் காதுத் தொற்றுக்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 3 மடங்கு. நீந்தியபின் காதைத் துடைத்து உலர்த்துங்கள். தலையை அடிக்கடி உதறினால், காதில் புளித்த வாடை வந்தால், மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று, நெஞ்சு ஆழமான பெரிய நாய் எதற்கும் வரும், பூடிலுக்குக் கூடுதலாக: வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது. வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால், வயிறு கல்லாக இருந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். சாப்பாட்டை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள்.

வாங்கும் இடத்தில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே முடிவும், கண் நோய்க்கான மரபணுப் பரிசோதனை முடிவும் கேளுங்கள். விக்டோரியாவில் 2019 முதல் நாய் விற்கும் விளம்பரத்தில் மூல எண்ணும் (விற்பவருக்கு அரசுப் பதிவேட்டில் கிடைக்கும் எண்) மைக்ரோசிப் எண்ணும் இருந்தாக வேண்டும். இல்லாத விளம்பரத்தைக் கடந்து போய்விடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மச்சினி கேட்டாள், "அப்ப உங்க ஓட்டு எதுக்கு?" அவள் வீட்டுக்கு ஸ்டாண்டர்ட் பூடில். வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிகிற ஒரே நாய் இந்த நான்கில் அதுதான். டூடில்தான் வேண்டுமென்று மனசு அடம்பிடித்தால் இரண்டாவதாக லாப்ரடூடில், அதுவும் பரிசோதனை செய்த பெற்றோரிடமிருந்து. பூடில் குட்டிக்கான ஒரு பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் பையன் இரண்டு தடவை போய் வந்தாயிற்று, தும்மல் இல்லை.

அதுவரைக்கும் சனிக்கிழமை காலையில் இங்கே வந்து முத்துவிடம் வகிடு எடுக்கப் பழகுகிறாள். போன வாரம் இடது காதுக்குப் பின்னால் நான் தவறவிட்ட ஒரு சிக்கை அவள்தான் கண்டுபிடித்தாள். மிளகளவுதான். விரலாலேயே பிரித்துவிட்டாள், முத்து கண்ணைக்கூடத் திறக்கவில்லை.