பகுதி சபையா, நமக்கு நாமேயா?

தெருவுக்கு மழைநீர் வடிகால் வேண்டும், பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் வேண்டும். மாநகராட்சிப் பணத்தில் அதற்கு இடம் பிடிக்க எந்த வழி? தமிழ்நாட்டில் இரண்டு உண்டு: வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபை; மக்கள் ஒரு பங்கு போட, மீதியைப் பொதுப் பணத்தில் செய்யும் நமக்கு நாமே திட்டம்.

செலவு: பகுதி சபையில் பைசா கிடையாது, நேரம்தான் போகும். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் கட்ட வேண்டும். குளம், ஏரி சீரமைப்பு என்றால் பாதி. பத்து லட்ச ரூபாய் வேலைக்குச் சுமார் 3.33 லட்சம் முன்பே திரட்ட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தால் முடியும். குடிசைப் பகுதியில் யாரிடம் வசூலிப்பது? என் குறையே இதுதான்: காசுள்ள தெரு வரிசையில் முந்திவிடும்.

உறுதி: சபையில் சொன்னது கோரிக்கை மட்டுமே, கவுன்சிலர் விடாமல் பின்தொடர்ந்தால்தான் நகரும். பங்குத்தொகை கட்டிய வேலையை அவ்வளவு எளிதில் ஓரங்கட்ட முடியாது.

எளிமை: சபைக்குப் போய்ப் பேசினால் போதும். மற்றதில் விண்ணப்பம், மதிப்பீடு, ஒப்புதல் என்று அலைச்சல்.

தெருவிளக்கு, குப்பை, குடிநீர் போன்ற அடிப்படைத் தேவைகளுக்குச் சபைதான். வரி கட்டியவர் மறுபடி ஏன் கட்ட வேண்டும்? பூங்கா, பள்ளிக்கூடச் சுவர், ஊர்க்குளம் போன்றவற்றுக்கு, பணம் போட ஆள் இருந்தால், நமக்கு நாமே. பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். கோரிக்கையை டிசம்பருக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.