எட்டு மழைக்காலம் பார்த்த அடுப்படி

2017 கோடையில் எங்கள் அடுப்படியை இடித்துக் கட்டினோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம், ஓட்டு வீடு, பின்கட்டில் பத்துக்கு ஒன்பதடி அடுப்படி. ஜூன் 12 வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் நாள். "ஆத்துல தண்ணி வந்துட்டா சித்தாள் எல்லாம் வயலுக்குப் போயிடும்க்கா, அதுக்குள்ள முடிச்சிடணும்" என்று கொத்தனார் நெருக்கினார். அவசரத்தில் செய்தது பாதி, டவுன் கடையில் பார்த்து ஆசைப்பட்டுச் செய்தது பாதி. எது நின்றது, எது போனது என்று இப்போது சொல்லலாம்.

முதலில் போனது மேடைக்குக் கீழே வைத்த கபோர்டு. பளபளவென்று சிவப்புக் கதவு, உள்ளே மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை. 85,000 ரூபாய். "தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் கடைக்காரர். மேலே ஒட்டியிருந்த லேமினேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். ஆணி அடித்த ஓட்டை வழியாகவும் வெட்டிய ஓரம் வழியாகவும் ஈரம் உள்ளே போய், இரண்டாவது ஐப்பசியிலேயே சிங்குக்குக் கீழே இருந்த பலகை டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது. கீல் பிடிக்க இடமில்லாமல் கதவு தொங்கியது. பின்னால் சுவரோரம் கரையான் வேறு.

2020-ல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கடப்பாக் கல்லை நிறுத்தியும் படுக்க வைத்தும் தட்டு போட்டோம், கதவுக்கு அலுமினியச் சட்டம். என் அம்மா வீட்டில் முப்பது வருஷமாக இருப்பது இதேதான். சுற்றி வந்து அங்கேயே நின்றோம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ பட்டு அப்படியே கிடந்தால் வெளுத்த தடம் விழும். அதனால் உள்தட்டுக்குக் கடப்பா, மேடைக்குக் கருப்பு கிரானைட். ப்ளைவுட்தான் வேண்டும் என்பவர்கள் ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான தர எண்) இருக்கிறதா என்று பலகையிலேயே பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் வாயை நம்பாதீர்கள். பிடுங்கிய சிவப்புக் கதவுகளை அத்தை கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டார். அங்கேயும் ஒரு மழைதான் தாங்கியது.

அடுத்தது மேடை உயரம். இதைப் பற்றி யாரும் எங்களிடம் பேசவே இல்லை. கொத்தனார் கண் மதிப்பாக 34 அங்குலம் வைத்தார். எனக்குச் சரியாக இருந்தது, காய் நறுக்கும்போது. அத்தை நாலடி பத்தங்குலம். ஆறு மாதத்தில் வலது தோள் வலிக்கிறது என்றார். வயசு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சர்க்கரைப் பொங்கல் கிண்டும்போது பார்க்கிறேன், கரண்டியைப் பிடித்த கை காது உயரத்துக்குப் போகிறது. டேப்பை எடுத்து அளந்தேன். மேடை 34, அதன்மேல் கேஸ் அடுப்பு 6, அதன்மேல் குண்டான் 10. ஆக, வாய் 50 அங்குலத்தில். அத்தையின் தோளைத் தாண்டிவிட்டது! விறகடுப்பின் முன் குந்தியோ நின்றோ குனிந்து கிண்டிப் பழகியவரை அண்ணாந்து கிண்ட வைத்திருக்கிறோம்.

கடப்பா வேலையோடு சேர்த்து அடுப்பு இருக்கும் மூன்றடி நீளத்தை மட்டும் வெட்டி 28 அங்குலத்துக்கு இறக்கினோம். சிங்குக்குக் கணக்கு தலைகீழ். அதன் அடி, மேடையிலிருந்து எட்டங்குலம் கீழே கிடக்கிறது, பாத்திரம் தேய்க்கக் குனிய வேண்டும். அதனால் அந்தப் பக்கம் உயரமாக இருப்பதே நல்லது. ஒரே மட்டத்தில் நீளமாக மேடை ஓடினால் பார்க்க அழகு, அவ்வளவுதான். புதுசாகக் கட்டுபவர்கள் அடுப்படியில் அதிகம் நிற்பவரை நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலங்குலம் கீழே மேடைக்குக் கோடு போடுங்கள். அடுப்புப் பக்கம் இன்னும் ஆறங்குலம் இறக்குங்கள். இதில் குறையும் உண்டு. படி விழுந்த மூலையில் கடுகும் மாவும் போய் உட்கார்ந்துகொள்ளும், பழைய பல் பிரஷ் ஒன்று அதற்கென்றே வைத்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. பளபளப்பான குழாய் ஒரே வருஷத்தில் வெள்ளை பூத்து, மூடி இறுகிவிட்டது. இப்போது சிங்கில் இரண்டு குழாய்: போருக்குச் சாதாரணப் பித்தளை, கொள்ளிடம் ஆற்றிலிருந்து வரும் குடிதண்ணீருக்குத் தனியாக ஒன்று. தரைக்குப் போட்ட வழவழப்பு டைல்ஸில் அத்தை இரண்டு முறை வழுக்கினார். மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காமல் சொரசொரப்பு டைல்ஸ் மாற்றினோம்.

சிம்னி? வாங்காமலே இருந்திருக்கலாம். தாளிக்கும் நெடி பாதிதான் போகிறது, மீதிக்கு ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும். வெளியே குழாய் வாயில் வலை வைக்க மறந்ததால் ஒரு சித்திரையில் மைனா கூடு கட்டிவிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை சுவிட்சைத் தொடவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்பது என் கட்சி. என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், பணம் போட்டது அவர்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதுதான். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார், மிக்ஸி, சிம்னி எல்லாம் சும்மா நின்றன. இடிக்கும்போது "இதையும் எடுத்துடலாமா?" என்று கொத்தனார் கேட்க, அத்தை விடாப்பிடியாகக் காப்பாற்றிய கொல்லைப்புற விறகடுப்பும் அம்மியும் அடிபம்பும்தான் எங்களோடு பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் சோறு போட்டன. விழுந்து கிடந்த தென்னைகளில் விறகுக்கு மட்டும் பஞ்சமில்லை. அதற்கப்புறம் கொல்லையில் அந்த மூலைக்கு ஒரு தகரக் கூரையும் மீன் கழுவ ஒரு தொட்டியும் போட்டோம். மொத்தச் செலவில் மிகக் குறைவு அதுதான், தினமும் புழங்குவதும் அங்கேதான்.

வருகிற கோடையில் பாத்ரூம். கடையிலிருந்து அட்டை போட்ட புத்தகம் ஒன்று வந்திருக்கிறது, உள்ளே கண்ணாடித் தடுப்பு, தொங்கும் பேசின். அத்தை புரட்டிப் பார்த்துவிட்டு, "கைப்பிடி எங்கடி இதுல?" என்றார்.