எட்டு வருடமாக ஒரே செயின் ரம்பம்: மரம் கழிக்கிறவனின் அனுபவம்

இந்த மெஷினை வாங்கியது 2017 ஜனவரியில். வர்தா புயல் சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. வேளச்சேரி, அடையாறு, தாம்பரம் என்று எந்தத் தெருவுக்குள் போனாலும் மரம் குறுக்கே கிடந்த நாட்கள் அவை. கோடாலியும் வாடகை மெஷினுமாக ராத்திரி பகலாக ஓடினேன். ஒரு மாத வாடகையைக் கூட்டிப் பார்த்தபோது, கடன் வாங்கியாவது சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தோன்றியது. 45 சிசி பெட்ரோல் எஞ்சின், 18 அங்குல பார் (செயின் ஓடுகிற நீளத் தகடு), பாரும் செயினும் சேர்க்காமல் நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை. கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவது இந்த அளவில் உள்ள எந்த மெஷினுக்கும் பொருந்தும்.

எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாரத்தில் நாலைந்து நாள் வேலை. எஞ்சின் பாடி அதேதான். பார் நான்கு முறை, பிஸ்டனும் சிலிண்டரும் ஒரு முறை, கார்புரேட்டர் டயாஃப்ரம் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். ஸ்டார்ட்டர் கயிறு அடிக்கடி அறும். செயினுக்குக் கணக்கே இல்லை. இரண்டு மூன்று செயின் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றிவிடுவேன். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டினால் அந்தச் செயினும் சீக்கிரம் போய்விடும்.

மெஷின் நல்லதா கெட்டதா என்பதைவிட அரம் போடத் தெரியுமா என்பதுதான் முதல் கேள்வி. என் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லின் தலையில் சாய்வுக்கோடு போட்டே வருகிறது, 30 டிகிரி. பெட்ரோல் டேங்க் ஒவ்வொரு முறை காலியாகும்போதும் உட்கார்ந்து பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே அழுத்தம். ஒரு பக்கம் கூடிவிட்டால் மெஷின் நேராக இறங்காது, வில் மாதிரி வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் இருக்கிற குட்டை மேடு ஆழத்தை நிர்ணயிப்பது. அதைத் தட்டை அரத்தால் 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வைக்க வேண்டும். அதிகமாகத் தேய்த்துவிட்டால் செயின் மரத்தைக் கடித்து இழுக்கும், கை தாங்காது.

ஒருமுறை அவசரத்துக்குக் கடையில் மோட்டார் சாணையில் பிடிக்கக் கொடுத்தேன். பல்லெல்லாம் நீலம் பாரித்துத் திரும்பி வந்தது. சூட்டில் இரும்பின் பதம் போய்விட்டது; அதற்குப் பிறகு அரம் அதன்மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. புதுச் செயின் அது. அன்றிலிருந்து வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

தெரு மரங்களில் ஆணி இன்னொரு தலைவலி. பேனர், கேபிள், விளம்பரத் தகடு என்று ஆள் உயரம் வரை அடித்து வைத்திருப்பார்கள். பட்டை வளர்ந்து ஆணியை விழுங்கியிருக்கும், வெளியே தெரியாது. பட்டையில் ஒரு சின்னப் புடைப்பும் கறுப்புக் கசிவும் இருந்தால் உள்ளே இரும்பு என்று அர்த்தம். அந்த இடத்தில் நான் அறுப்பதில்லை.

பெட்ரோல் விஷயம். ஒரு லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். 2019இல் புதிதாக வந்த பையன் கலக்காத பெட்ரோலை ஊற்றிவிட்டான். பத்து நிமிடம் நன்றாக ஓடியது, இன்னும் வேகமாக ஓடியது போலக்கூட இருந்தது, பிறகு இறுகி நின்றது. பிஸ்டனைக் கழற்றினால் மேலிருந்து கீழ் வரை கோடு கோடாகக் கீறல். தப்பு என்னுடையது, கேனில் எதுவும் எழுதி வைக்கவில்லை. இப்போது கலந்த கேனில் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நாளானால் தண்ணீராக அடியில் பிரியும். கார்புரேட்டர் ரப்பரும் விறைத்துப்போகும். நான்கு நாள் வேலை இல்லை என்றால் டேங்கைக் கவிழ்த்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டுத்தான் எடுத்து வைப்பேன்.

இவ்வளவும் பராமரிப்பு, யாரும் கற்றுக்கொள்ளலாம். எனக்குக் கற்றுக்கொள்ள வருடங்கள் பிடித்தது அறுவைத்தூளைப் படிப்பது.

செயின் கூராக இருந்தால் தூள் அவல் மாதிரி செதில் செதிலாக விழும். மழுங்கினால் மாவாக விழும். ஆனால் கூரான செயினிலிருந்தும் திடீரென்று மாவு கொட்டும் நேரம் ஒன்று உண்டு. அதுவரை திணறிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தம் சட்டென்று ஏறும், பார் வெண்ணெயில் போவது போல் இறங்கும், வெளிர்மஞ்சளாக வந்த தூள் காபிப்பொடி நிறத்துக்கு மாறும், மழையில் நனைந்த சாக்கு வாடை அடிக்கும். உள்ளே மரம் இற்றுப்போயிருக்கிறது. அந்த நொடியில் விசையை விட்டுவிட வேண்டும். மரம் சாயும்போது அதைத் திசை மாறாமல் பிடித்திருப்பது நாம் அறுக்காமல் விட்டுவைக்கிற ஒரு கீற்று மரம், கதவுக்குக் கீல் மாதிரி. கீல் இருக்க வேண்டிய இடத்தில் உளுத்த கட்டை இருந்தால் மரம் எந்தப் பக்கமும் போகும்.

அதனால் மெஷினை எடுப்பதற்கு முன் தச்சர்கள் வைத்திருக்கிற கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வருவேன். இடுப்பு உயரத்தில், முழங்கால் உயரத்தில், வேர் பிரிகிற இடத்தில் தட்டிக்கொண்டே வந்தால், கெட்டியான இடத்தில் கல் மாதிரி சத்தம் வரும், பொந்துள்ள இடத்தில் பானை மாதிரி. தட்டி முடித்த பிறகு அடிமரத்தில் மண்ணோடு மண்ணாகக் காளான் இருக்கிறதா என்று பார்ப்பேன். சென்னையில் மயில்கொன்றையிலும் இயல்வாகையிலும் நான் அதிகம் பார்ப்பது கனோடெர்மா. அரக்கு பூசியது போல் பளபளக்கும் செம்பழுப்புத் தட்டு, ஓரம் வெள்ளை. அதற்குக் கீழே உள்ள புல்லிலும் சுவரிலும் கோகோ பொடி தூவியது போல் வித்துத் தூள் படிந்திருக்கும். மேலே இலை பச்சைப் பசேலென்று இருக்கும், பூத்துக்கூட நிற்கும். வெளியே காளான் முளைக்கிற நேரத்தில் உள்ளே வேலை பல வருடமாக நடந்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் காளானைப் பிய்த்துப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பிய்த்தது வெறும் காய். செடி மரத்துக்குள்ளே இருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இந்தப் பேரினத்தைத் தெரியும். தென்னையில் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியவைக்கிற தஞ்சாவூர் வாடல் நோய், 1952 புயலுக்குப் பிறகு கவனத்துக்கு வந்ததே, அதுவும் கனோடெர்மாதான். எங்கள் உறவினர் தோப்பில் செத்த தென்னையை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டிருந்தார்கள். அந்தக் கட்டைதான் பூஞ்சைக்குச் சாப்பாடு. வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். நோய் கண்ட மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழம், ஒரு அடி அகலத்துக்குக் காப்புக் குழி வெட்டுவார்கள். வேர் வழியாக அடுத்த மரத்துக்குப் போகாமல் இருக்க.

இனி, இந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

2017 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வீட்டு வாசலில் மயில்கொன்றை ஒன்றைக் கழித்தேன். புயலில் ஒரு பெரிய கிளை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. “தம்பி, முண்டு முண்டா விடாம வழவழன்னு வெட்டிடுங்க” என்றார் அந்த அம்மா. எனக்கும் புது மெஷின், கை துறுதுறுவென்றது. அடிமரத்தை ஒட்டி, சுவரைப் பூசியது போல் மட்டமாக அறுத்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான காயம். அதன்மேல் தார் பூசிவிட்டு வந்தேன். எல்லோரும் செய்கிற வேலைதான், நானும் பெருமையாகத்தான் செய்தேன்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததற்கு அடுத்த வாரம் அதே அம்மா கூப்பிட்டார். மரம் விழவில்லை, ஆனால் அதே தழும்பின் கீழ்ப்பக்கம் காளான். தார் உரிந்து, நடுவில் கை நுழைகிற அளவுக்குப் பொந்து. கொட்டாப்புளியால் தட்டினால் முக்கால் சுற்றுக்குப் பானைச் சத்தம். மரத்தின் சுற்றளவு 160 சென்டிமீட்டர், அதாவது ஆரம் 25 சென்டிமீட்டருக்குப் பக்கம். மெல்லிய துளைக்கம்பியால் நான்கு இடத்தில் பார்த்தோம். எல்லா இடத்திலும் ஆறு சென்டிமீட்டரில் கம்பி ‘பொளக்’ என்று உள்ளே விழுந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த மர ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் சொன்ன கணக்கு ஒன்று இந்தத் தொழிலில் உண்டு: கெட்டியான சுவர் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இங்கே நான்கில் ஒரு பங்குதான். அதோடு பக்கவாட்டில் பொந்து திறந்திருக்கிறது, கீழே பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்கிற இடம். எடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை.

மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினோம். அடிமரத்தைக் குறுக்கே வெட்டிப் போடாமல் தழும்பின் நடுவாக நெடுக்கே பிளந்தேன். கூட இருந்த பையன், “அண்ணே, இதுல ஏண்ணே நேரத்தப் போக்குறீங்க” என்றான். பிளந்து இரண்டாக விரித்து வைத்தபோது அவனும் குனிந்து பார்த்தான். நான் அறுத்த இடத்திலிருந்து நேர்க்கீழே நாலடி நீளத்துக்கு, பஞ்சு மாதிரி வெளிறி நார் நாராக இற்றுப்போன ஒரு தூண். மேலேயும் இரண்டடி. அதைச் சுற்றி பென்சிலால் வரைந்தது போல் ஒரு கருங்கோடு. கோட்டுக்கு வெளியே ஆறு சென்டிமீட்டர், சுத்தமான வெளிர்மஞ்சள் மரம். அந்த ஆறு சென்டிமீட்டரும் 2017க்குப் பிறகு வளர்ந்தது. நான் மெஷின் வைத்த அன்று இருந்த மரம் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு பிறந்தது மட்டும் நின்றிருக்கிறது.

இதைத்தான் அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ விளக்கினார். 1959இல் அங்கே சேர்ந்தவர். அதற்கு முன் மர நோய் ஆய்வாளர்கள் மரத்தைக் குறுக்கு வெட்டாகவே பார்த்துவந்தார்கள். ஒருவரே தூக்கிப் பிடிக்கிற செயின் ரம்பம் வந்த பிறகு, ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே பிளந்து பார்த்தார். நமக்குக் காயம் பட்டால் அந்தத் தசை புதுப்பித்துக்கொள்கிறது. மரத்துக்கு அது முடியாது. காயம்பட்ட பகுதியைச் சுற்றி நான்கு சுவர் எழுப்பி, உள்ளே நுழைந்த பூஞ்சையை அடைத்து வைக்கிறது. மேலும் கீழும் தடுக்கிற சுவர் ரொம்பவும் பலவீனமானது, அதனால்தான் அழுகல் தூண் போல் நீளுகிறது. காயத்துக்குப் பிறகு வளர்கிற புது மரத்துக்கும் பழைய மரத்துக்கும் நடுவே உள்ள நான்காவது சுவர்தான் வலுவானது. நான் பார்த்த கருங்கோடு அதுதான். 1977இல் அவர் இதை வெளியிட்டார். எனக்கு என் கையால் அறுத்த மரத்தில் பார்த்தபோதுதான் உறைத்தது.

கிளை அடிமரத்தில் சேருமிடத்தில் வளையல் போட்டது போல் ஒரு புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்பில்தான் மரம் தன் காவலை வைத்திருக்கிறது. மட்டமாக வெட்டுகிறவன் அதையும் சேர்த்து வெட்டிவிடுகிறான். இப்போது நான் மூன்று வெட்டாகத்தான் வெட்டுகிறேன். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடியில் கால் பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் முறிந்து விழும். மிச்சமுள்ள முண்டைப் புடைப்புக்கு வெளியே, புடைப்பில் படாமல் மூன்றாவது வெட்டு. கை பருமன் வரையுள்ள கிளைக்கு இந்த மூன்றாவது வெட்டை மெஷினால் செய்வதில்லை, வளைந்த கைவாளால்தான். தார் பூசுவதை நிறுத்திவிட்டேன். அது அழுகலைத் தடுப்பதில்லை என்பது ஷைகோவின் ஆய்விலேயே வந்துவிட்டது. வீட்டுக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் விளக்கிச் சொல்கிறேன்.

உடம்பைப் பற்றி. காது மூடி இல்லாமல் முதல் ஒரு வருடம் ஓட்டினேன். இடது காதில் இன்னும் ஒரு ரீங்காரம் இருக்கிறது. தொடர்ந்து ஓட்டினால் விரல் நுனி மரத்துப்போகும், அதனால் ஒரு டேங்குக்கு மேல் ஒரே ஆள் ஓட்டுவதில்லை. பாரின் மூக்கில் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்துக்கு எகிறும். முன்கைப் பிடியின் கட்டைவிரலை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. செயின் பிரேக்கைத் தினமும் காலையில் சோதிப்பேன். தொடைக்காப்பு சென்னை வெயிலில் கொடுமைதான், ஆனால் போடுகிறேன். மரத்தின்மேல் இந்த அளவு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம். கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் லைன் ஆஃப் ஆகும் வரை கீழேயே உட்கார்ந்திருப்போம், அரை நாள் போனாலும் சரி.

இன்று வாங்குவதாக இருந்தால் இதே 45 சிசியை வாங்குவேனா? அடிமர வேலைக்கு ஆமாம். கழிக்கிற வேலைக்கு ஒரு சின்ன பேட்டரி மெஷினைப் போன வருடத்திலிருந்து சேர்த்திருக்கிறேன். சத்தம் குறைவு, கலவை பெட்ரோல் தொல்லை இல்லை, கீழே நிற்கிறவன் கத்துவது மேலே கேட்கிறது. புளி, வேம்பின் வைரத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. ஒரு பட்ஜெட்டுக்குள் தொடங்குகிறவர்கள் மெஷினில் கொஞ்சம் குறைத்து நல்ல கைவாள், காது மூடி, இரண்டு அரம், ஒரு கொட்டாப்புளி வாங்குங்கள். வேளச்சேரி மரத்தின் பிளந்த பாதி என் ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் பார்க்கலாம்.