பெயருக்கு பிக்கம், முகவரிக்கு ஸ்னெல்

ஆங்கிலத் திருமண அழைப்பிதழ், பாராட்டுப் பத்திரம், நகைக்கடை விளம்பரம் எல்லாவற்றிலும் சாய்ந்த கூட்டெழுத்து ஃபான்ட் ஒன்று தவறாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. திரையில் எல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதான் தெரியும். அச்சுக்குப் போனால் குணம் தெரிந்துவிடும்.

அழகு மட்டும்தான் அளவுகோல் என்றால் பிக்கம் ஸ்கிரிப்ட்டை எதுவும் நெருங்காது. ரிச்சர்ட் லிப்டன் வடிவமைத்து அடோபி 1997இல் வெளியிட்டது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் எழுத்தாசான்கள் எழுதியதை ஜார்ஜ் பிக்கம் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பக்கங்கள்தான் இதற்கு மூலம். செப்பில் மயிரிழைக் கோட்டையும் செதுக்கலாம். அந்த மெல்லிசு ஃபான்ட்டுக்கும் வந்துவிட்டது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள், சொல்லின் கடைசியில் தனி வால், மேலே சுழலும் கொடி என்று ஓபன்டைப் (மாற்று வடிவங்களையும் உள்ளே வைத்திருக்கும் ஃபான்ட் கோப்பு வகை) வசதிகள் ஏராளம். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மாதிரி டிசைன் மென்பொருள் கையில் இருந்தால்தான் அதெல்லாம் முழுசாகக் கிடைக்கும். ஆனால் முகவரியை இதில் 12 பாயின்ட்டில் போட்டால் கோடுகள் பாதி காணாமல் போகும். தங்க ஃபாயில் அச்சில் இன்னும் மோசம். வாட்ஸப்பில் சுருங்கிப் போகும் அழைப்பிதழ் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஸ்னெல் ரவுண்டுஹேண்ட் அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. சார்லஸ் ஸ்னெல் என்ற பழைய லண்டன் எழுத்தாசானின் ரவுண்டுஹேண்ட் என்ற உருண்டையான கூட்டெழுத்தை வைத்து மாத்யூ கார்ட்டர் 1960களில் லினோடைப் நிறுவனத்துக்காக வரைந்தது. ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் செவ்வகக் கட்டையில் இருக்கும். சாய்ந்த எழுத்துகளை இடைவெளி தெரியாமல் ஒட்டவைப்பது பெரும் பாடு. எழுத்தை ஒளியால் படமாகப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பில் அந்தக் கட்டையே இல்லை. அந்த விடுதலையைப் பயன்படுத்திக்கொண்ட எழுத்து என்பதால் இணைப்புகள் கச்சிதம். (டிராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு நடுவிலான இடைவெளியை, கூட்டி அதைக் கெடுத்துவிடாதீர்கள். முழுக் கேப்பிடலில் போடுவதும் அதே பாவம்தான், ஒன்றும் படிக்க முடியாது.) சாதாரணம், போல்ட், பிளாக் என்று மூன்று கனம் உண்டு. அட்டையில் தமிழும் சேர்ந்து வந்தால் போல்ட்டை எடுங்கள். பக்கத்தில் நிற்கும் தமிழ் எழுத்தின் கனத்துக்கு அது ஈடுகொடுக்கும். மேக்கில் இலவசமாகவே வருகிறது.

எட்வர்டியன் ஸ்கிரிப்ட், எட் பெங்கியட் 1994இல் ஐடிசி என்ற ஃபான்ட் நிறுவனத்துக்காகச் செய்தது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வந்ததால் ஊரெல்லாம் பரவிவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை, பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, அவ்வளவுதான்.

காசு செலவழிக்க முடியாதா? கூகுள் ஃபான்ட்ஸில் கிரேட் வைப்ஸைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். அதன் கேப்பிடல்கள் கொஞ்சம் விளையாட்டுத்தனமானவை. பிறந்தநாளுக்குச் சரி, பட்டமளிப்புச் சான்றிதழுக்கு ஒட்டாது. அங்கே பினியன் ஸ்கிரிப்ட்டைப் போடுங்கள். ஸ்னெல் அளவுக்கு வழவழப்பு இருக்காது, ஆனால் அந்தப் பழைய ரவுண்டுஹேண்ட் தோரணை இருக்கிறது.